வான் பாயுது, துருசு திறக்கவில்லை: பின்கால் விழுந்த நாயின் சலப்பையைக் கையால் வெறுமையாக்குவது எப்படி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் மறந்தாலும் இது நினைவில் இருக்கட்டும். அடிபட்டோ முள்ளந்தண்டு நோய் வந்தோ பின்கால் இரண்டும் இழுபட்டுக் கிடக்கும் நாய்க்கு அடியில் போட்ட துணி நனைந்திருந்தால், அதற்குச் சலம் (சிறுநீர்) ஒழுங்காகப் போகிறது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அது நிரம்பி வழிகிறது. மாரியில் மட்டக்களப்பின் உன்னிச்சைக் குளம் வான் பாயும்போது, அதாவது நிரம்பி மேலால் வழியும்போது, யாராவது "குளம் வற்றிப் போச்சு" என்று சொல்வார்களா? வான் பாய்ந்தால் குளம் முட்ட நிற்கிறது என்றுதானே விளங்கிக்கொள்கிறோம். நாயின் சலப்பையும் அப்படித்தான். துருசு (மதகு) திறந்து தண்ணீர் போவது வேறு, வான் பாய்வது வேறு.

இது எனக்குத் தெரியாமல் இருந்தது. எங்கள் செம்பி பன்னிரண்டு கிலோ, பெட்டை, கல்லடிப் பக்கம் மோட்டார் சைக்கிள் ஒன்று தட்டிவிட்டுப் போனதில் பின்கால் இரண்டும் போய்விட்டது. முதலில் காட்டிய இடத்தில் ஊசி போட்டு, நோவுக்கு மருந்து தந்து, சலம் போகிறதா என்று கேட்டார்கள். துணி நனைந்திருந்ததால் நானும் போகிறது என்றேன், வயிற்றில் கை வைத்துப் பார்க்காமலே அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை நாள் கழித்து இன்னொரு மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனபோது அவர் இரண்டு விரலை வயிற்றில் வைத்த உடனேயே முகம் மாறியது. "தம்பி, இங்க கைய வையுங்க, இது என்னெண்டு நினைக்கிறீங்க?" என்றார். குரும்பட்டி போல கெட்டியாக, உருண்டையாக ஒன்று. குழாய் போட்டு எடுத்ததில் ஒரு லீட்டர் போத்தலில் முக்கால்வாசி நிறைந்தது. அந்தப் போத்தலைப் பார்த்தபடி நான் நின்ற நிலை வேறு யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் நிரம்புகிறது, ஏன் போவதில்லை

கைவேலைக்கு முன் இதைக் கொஞ்சம் விளங்கிக்கொண்டால் நல்லது. விளங்கினால் நேரம் தவறமாட்டீர்கள், விளங்காவிட்டால் இரவு பதினொரு மணிக்கு "நாளைக்குப் பார்ப்போம்" என்று படுத்துவிடுவீர்கள்.

சிறுநீரகத்தின் உள்ளே, சலம் சேரும் கிண்ணம் போன்ற பகுதியில், தானாகவே துடிக்கும் சில கலங்கள் (செல்கள்) இருக்கின்றன. யாரும் கட்டளை கொடுக்கத் தேவையில்லை. இதயத்தில் இயற்கையாகவே ஒரு பேஸ்மேக்கர் இருப்பது போல இங்கேயும். அவை ஒரு துடிப்பைத் தொடக்கிவிட, அந்தத் துடிப்பு தசையில் அலையாகப் பரவி, சலப்பைக்கு இறங்கும் குழாய் வழியே சலத்தை மிடறு மிடறாகத் தள்ளிக்கொண்டு வருகிறது. மனிதருக்குச் சிறுநீரகம் மாற்றி வைக்கும்போது பழைய நரம்புகள் எல்லாம் அறுபட்டுப் போகின்றன, அப்படியிருந்தும் புதிய சிறுநீரகத்தின் குழாய் சலத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதாவது மேலே இருக்கும் பம்புக்கு முண்ணாண் (முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புவடம்) தேவையில்லை. முதுகு முறிந்த நாயிலும் அது ஒரு நிமிடம்கூட நிற்காது.

கீழே சலப்பையின் கதை அப்படியில்லை. சலப்பை நிரம்பும்போது தசை தளர்ந்து இடம் கொடுக்கவும் வாய் இறுகிப் பிடிக்கவும் இடுப்பு முள்ளெலும்புப் பகுதியிலிருந்து வரும் நரம்பு சொல்கிறது. வெறுமையாக்கும்போது தசை சுருங்கவும் வாய் திறக்கவும் அதற்குக் கீழே, வாலடிக்கு முன்னாலுள்ள மூன்று முள்ளெலும்புகளின் பகுதியிலிருந்து வரும் நரம்புகள் வேண்டும், இவை இரண்டையும் ஒத்திசைய வைக்க மூளைத்தண்டிலிருந்து கட்டளை முண்ணாண் வழியாக இறங்க வேண்டும். நடுவில் எங்கே அறுந்தாலும் மேலே பம்ப் ஓடிக்கொண்டிருக்க, கீழே துருசு திறக்க ஆள் இல்லை. உங்கள் கைதான் இனி அந்த ஆள்.

இங்கே ஒரு சுவையான விஷயம் இருக்கிறது, இரண்டு பந்தி பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்பானிய விஞ்ஞானி சாந்தியாகோ ரமோன் இ கஹால், 1906இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை இத்தாலியரான கொல்கியோடு பகிர்ந்துகொண்டவர், குடல் சுவரில் நரம்புக்கும் தசைக்கும் நடுவே சிறு கைகளை நீட்டிக்கொண்டிருக்கும் சில கலங்களைக் கண்டு வரைந்து வைத்தார். அவற்றை அவர் ஒருவகை நரம்புக்கலம் என்றே நினைத்தார். அவை நரம்புக்கலங்கள் இல்லை என்பதும், குடலின் தாளத்தை வைப்பவையே அவைதான் என்பதும் பிறகுதான் தெரியவந்தது. 1982இல் துனெபெர்க் என்ற டென்மார்க் ஆய்வாளர் அந்த எண்ணத்தை முன்வைத்தார், 1995இல் 'கிட்' என்ற புரதம் பழுதான எலிகளில் குடல் தாளம் இல்லாமல் போவதைக் காட்டி அதை உறுதிசெய்தார்கள். நாயின் இரைப்பை நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 தடவையும் நம்முடையது 3 தடவையும் அலை எழுப்புவது இந்தக் கலங்களால்தான்.

அதே சாயலுள்ள கலங்களைப் பிறகு சலவழியிலும் தேடத் தொடங்கினார்கள். 2000இல் பெல்பாஸ்ற் நகரின் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முயலின் வெளிக்குழாய்ச் (சலப்பையிலிருந்து சலம் வெளியே போகும் குழாய்) சுவரிலிருந்து, தானாகவே மின்துடிப்பு எழுப்பும் கலங்களைப் பிரித்துக் காட்டினார்கள். கினிப்பன்றியின் சலப்பையிலும், மனிதரிலும், நாயிலும் இப்படிப்பட்ட கலங்கள் உள்தோலுக்குக் கீழும் தசைக்கட்டுகளுக்கு இடையிலும் படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். கிட் புரதத்துக்குச் சாயம் பூசித்தான் தேடுகிறார்கள், ஆனால் ஒவ்வாமையோடு தொடர்புள்ள மாஸ்ற் கலங்களிலும் அதே புரதம் இருப்பதால் உருவத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். குடலில் அவை மேளம் அடிப்பவை என்றால் சலப்பையில் அவை பெரும்பாலும் செய்தி கடத்துபவை என்றே இப்போது கருதுகிறார்கள்: பை விரியும்போது உள்தோல் விடும் இரசாயனச் சமிக்ஞையை வாங்கி, நரம்புக்கும் தசைக்கும் இடையே கூட்டியும் குறைத்தும் கொடுப்பவை. கிட் புரதத்தை அடக்கும் இமாட்டினிப் என்ற புற்றுநோய் மருந்தைக் கினிப்பன்றிச் சலப்பைத் துண்டில் விட்டபோது அதன் துடிப்பு அடங்கியது. சலப்பை நிரம்பும் நேரத்தில்கூட அதன் சுவரில் சிறு சிறு நெளிவுகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அந்த நெளிவு மட்டும் போதாது, அது பையை ஒருநாளும் வெறுமையாக்காது.

சரி, இதெல்லாம் எனக்கு எதற்கு என்று கேட்டால், இதற்குத்தான்: சலப்பைத் தசைக் கலங்கள் ஒன்றோடொன்று கைகோர்த்தபடி நிற்கின்றன, ஒன்று இழுத்தால் அந்தச் செய்தி அடுத்ததற்குப் போகும், அப்படியே முழுப்பையும் சேர்ந்து சுருங்கும். பை அளவுக்கு மிஞ்சி விரிந்தால் இந்தக் கைகோர்ப்பு விட்டுப்போகிறது. பிறகு நரம்பு சரியாகி மூளை கட்டளை கொடுத்தாலும், செய்தி கடக்க வழியில்லாமல் பை தொளதொள என்று கிடக்கும். பிந்தாமல் கண்டுபிடித்து ஒன்று இரண்டு கிழமைக்குப் பையைச் சிறிதாகவே வைத்திருந்தால் அந்தப் பிடிப்பு திரும்ப வர இடமுண்டு. நாட்கணக்கில் விட்டுவிட்டால் நிரந்தரமாகவே போகலாம். கால் பிழைத்தாலும் சலப்பை பிழைக்காத நாய்கள் இருக்கின்றன. அந்தக் கொடுமையைத் தடுப்பது நேரத்துக்கு நேரம் வெறுமையாக்கும் உங்கள் கைதான்.

தொடமுன் பார்க்க வேண்டியவை

நாய் எப்படி விழுந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? அடிபட்டதைக் கண்ணால் கண்டிருந்தால் சரி. தெருவில் காரணம் தெரியாமல் பின்கால் இழுபட்டுக் கிடக்கும் நாய், வாயால் வீணி வடிகிறது, தாடை தொங்குகிறது, குரல் மாறியிருக்கிறது என்றால் கிட்டப் போகவேண்டாம். விசர்நோய் (ரேபிஸ்) எல்லா நாயையும் ஓடிக் கடிக்க வைப்பதில்லை, வாதமாக வந்து விழுத்தும் வகையும் உண்டு. கடியோ கீறலோ பட்டால் உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வீட்டு மருந்து பார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம். தெரிந்த வளர்ப்பு நாயும் நோவில் கடிக்கும். செம்பி முதல் நாள் என் தங்கையின் கையைப் பிடித்தது, கடிக்கவில்லை, பிடித்தது மட்டும்தான், ஆனால் அன்றிலிருந்து பருத்தித் துணியால் வாயைத் தளர்வாகக் கட்டிவிட்டுத்தான் தொடங்குவோம். மூச்சு வாங்கும் நாய்க்கு அதுவும் கட்டக்கூடாது.

கையுறை போடுங்கள். கட்டாயம். எங்கள் பக்கம் வயல் உள்ள இடம், பெரும்போகத்தில் மழையும் சேறுமாக இருக்கும்போது எலிக்காய்ச்சல் யாருக்கு வரும் என்று அம்பாறை, மட்டக்களப்பு ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கிருமி நாயின் சிறுநீரகத்திலும் தங்கும், சலத்தோடு வெளியே வரும், நம் கையில் உள்ள சிறு வெட்டுக்காயம் அதற்குப் போதும். நாய்க்கு அதற்குத் தடுப்பூசி உண்டு, வைத்தியரிடம் கேட்டுப் போடுங்கள்.

அடுத்தது இதைவிட முக்கியம். நாய் முக்கி முக்கிப் பார்க்கிறது, ஒரு சொட்டும் வரவில்லை, வயிறு கெட்டியாக இருக்கிறது என்றால் கையால் அமர்த்தவே (அழுத்தவே) கூடாது. ஆண் நாய்களின் குறியில் ஒரு சிறு எலும்பு இருக்கிறது, சலக்கல் வந்தால் அந்த எலும்பின் அடியில்தான் பெரும்பாலும் சிக்கும். அடைப்பு இருக்கும்போது அமர்த்தினால் பை வெடிக்கலாம். அடைப்பு நீண்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தையே நிறுத்திவிடும். அது வைத்தியர் குழாய் போட்டு எடுக்கவேண்டிய அவசரம், விடியும்வரை காத்திருக்கும் விஷயம் இல்லை. அதனால் முதல் தடவை அமர்த்துவதை வைத்தியர் பக்கத்தில் நிற்க, அவர் கையை உங்கள் கைமேல் வைத்துக் காட்டித்தர, அப்படித்தான் பழகவேண்டும். இந்தக் கட்டுரை அந்தப் பாடத்துக்குப் பதில் இல்லை, வீட்டுக்கு வந்தபிறகு மறந்ததை நினைவூட்ட மட்டும்.

கைவேலை

இடம் தெரிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் கிணற்றடிச் சீமெந்துத் தளத்தில் ஒரு பழைய பாயை மடித்துப் போட்டு, அதன்மேல் துவாய். சத்தமில்லாத இடம், ஒவ்வொரு நாளும் அதே இடம். நாயை வலது பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள், அல்லது இன்னொருவர் இடுப்பைத் தாங்கி நிற்க வைக்கட்டும். நிற்க வைத்தால் எளிதாக வரும் நாய்களும் உண்டு, படுத்தால் வரும் நாய்களும் உண்டு, இரண்டையும் பார்த்து உங்கள் நாய்க்கு எது என்று கண்டுபிடியுங்கள். முதுகு முறிந்து இன்னும் ஆறாத நாயை வைத்தியர் சொல்லாமல் நிமிர்த்தவோ முறுக்கவோ வேண்டாம்.

நீங்கள் நாயின் முதுகுப்பக்கம் இருந்துகொண்டு, பின்தொடைக்குச் சற்று முன்னால் வயிற்றின் இரு பக்கமும் ஒவ்வொரு கையாக வையுங்கள். விரல் நுனியால் குத்தாமல் விரல்களைத் தட்டையாக, ரொட்டிமாவைத் தட்டும்போது வைப்பது போல. உள்ளே மெதுவாக இரண்டு கையையும் நெருக்கிக்கொண்டு வாருங்கள். தண்ணீர் நிரப்பிய பலூன் போல வழுக்கிக்கொண்டு ஒன்று கைக்குள் வரும், அதுதான். செம்பி அளவுள்ள நாயில் ஓரளவு நிரம்பிய பை ஒரு தோடம்பழம் அளவு. மலம் கட்டியிருந்தால் அதுவும் கையில் படும், ஆனால் அது முதுகுக்குக் கிட்டவாக, நீளமாக, மண் உருண்டை போல் இருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் எதுவும் பிடிபடாது. கவலை வேண்டாம், ஆனால் பிடிபடவில்லை என்று விட்டுவிடவும் வேண்டாம், அன்றே வைத்தியரிடம் கொண்டு போய் எடுப்பியுங்கள்.

பை கைக்குள் வந்ததும் ஒரே சீராக அமர்த்துங்கள். இதுதான் முழு வித்தையும். பிசையக்கூடாது, விட்டு விட்டு அமர்த்தக்கூடாது, திடீர் என்று பலம் கொடுக்கக்கூடாது. சின்ன பலத்தில் தொடங்கி, கொஞ்சம் கூட்டி, அந்த அளவிலேயே பிடித்துக்கொண்டு, வால் பக்கமாகச் சற்றே தள்ளிக்கொண்டு காத்திருங்கள். சில நாய்களில் வாய்த்தசை முதலில் எதிர்த்து நிற்கும், அரை நிமிடம் பிடித்திருந்தால் களைத்து விடும், அப்போது தாரையாக வரும். தாரை வரும்போது கையை எடுக்கவேண்டாம், பை சுருங்கச் சுருங்கக் கையும் அதோடு நெருங்கிக்கொண்டே போகட்டும். தாரை நின்றதும் ஒரு மூச்சு விட்டு, இன்னொரு தடவை பிடித்துப் பாருங்கள், மிச்சம் வரும். வெறுமையான பை தடித்த தோலுள்ள சிறு எலுமிச்சம்பழம் போல இருக்கும் அல்லது கைக்கே அகப்படாது. பெட்டை நாயில் சலம் பின்னால் போகும், கடுவனில் முன்னால் வயிற்றோடு வரும், ஆகவே கோப்பையை எங்கே வைப்பது என்று முன்னமே பார்த்து வையுங்கள், இல்லாவிட்டால் சாரம் முழுக்க நனையும்.

மிதமாக அமர்த்தியும் வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். விட்டுவிட்டு பத்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள், அப்போதும் இல்லை என்றால் வைத்தியரிடம். அடிபட்ட இடம் நடுமுதுகில் என்றால் வாய் இறுகி நின்று அமர்த்தக் கடினமாக இருக்கும். வாலடிக்குக் கிட்ட என்றால் பை தொய்ந்து, தொட்டதும் வழிந்து வந்துவிடும். இரண்டாவது வகைக்குச் சொந்தக்காரர்கள் "எங்கட நாய்க்குச் சுகமா போகுது" என்று ஏமாறுவதுதான் அதிகம், அதில்தான் அடியில் சலம் தேங்கி அழுக்காகும்.

இதற்கு மருந்துகளும் இருக்கின்றன, அவை எதிர்த்திசையில் வேலைசெய்பவை என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பிறசோசின் போன்றவை பையின் வாயைத் தளர்த்தும், பெத்தனிகோல் தசையைச் சுருங்க வைக்கும். வாய் இறுகி நிற்கும் நாய்க்கு இரண்டாவதை மட்டும் கொடுத்தால் பூட்டிய கதவில் போய் இடிப்பது போல. எது, எவ்வளவு என்பது வைத்தியர் தீர்மானிக்கவேண்டியது. பார்மசியில் நாமாக வாங்கும் பனடோல், வோல்டரன் எதுவும் நாய்க்கு வேண்டாம்.

எத்தனை தடவை

நாய்க்கு ஒரு கிலோவுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு 1 முதல் 2 மில்லிலீட்டர் சலம் ஊறும். பன்னிரண்டு கிலோ நாய்க்கு எட்டு மணித்தியாலத்தில் ஏறக்குறைய 100 முதல் 190 மில்லி. இதை ஒரு நாள் முழுக்க விட்டால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஆறு முதல் எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளைக்கு மூன்று நான்கு தடவை. நாங்கள் காலமை ஐந்தரை, பகல் பன்னிரண்டரை, பின்னேரம் ஆறரை, இரவு பதினொன்று என்று வைத்துக்கொண்டோம். பகல் நேரத்தை எடுத்துக்கொண்டது பக்கத்து வீட்டு மாமி. "மனே, நீ வேலைக்குப் போ, மறுகா வந்து கணக்குக் கேளு" என்று சொல்லிவிட்டு அவர் முதல் நாளே என்னைவிட நன்றாகச் செய்தார். நாட்டுக்கோழி அடைவைக்கும் கை அல்லவா, எது மெதுவாக எது அழுத்தமாக என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் அந்த ஒருவருக்குக் காய்ச்சல் வரும் நாளில் நாய் தவிக்கும், ஆகவே இரண்டு பேராவது பழகுங்கள்.

சலம் குறையட்டும் என்று தண்ணீரைக் குறைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் ஊர் வெயிலில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் நாய்க்குத் தண்ணீர்தான் முதல் மருந்து. சலம் கெட்டியானால் கிருமி வளரவும் கல் கட்டவும் வசதி.

ஒரு கொப்பி வையுங்கள். நேரம், எத்தனை மில்லி, நிறம், மணம். அளவுக்குக் கோடு போட்ட போத்தல் ஒன்று போதும். பையில் மிச்சம் தேங்கும் நாய்க்குச் சலத்தில் கிருமி பிடிப்பது மிகச் சாதாரணம், பின்பக்கம் உணர்ச்சி இல்லாததால் எரிவு இருந்தாலும் அது காட்டிக்கொள்ளாது. கலங்கல், இரத்தச் சாயல், வழமைக்கு மாறான கெட்ட மணம், சாப்பாட்டில் வெறுப்பு, காய்ச்சல், இதில் ஒன்றைக் கண்டாலும் சலத்தைப் பரிசோதிக்கக் கொடுங்கள். எங்களுக்கு மூன்றாம் கிழமையில் அது வந்தது, கொப்பியில் மாமி "கழனித் தண்ணி மாதிரி" என்று எழுதி வைத்திருந்தார், அந்த ஒரு வரியால் இரண்டு நாள் முந்தியே மருந்து தொடங்க முடிந்தது.

ஒவ்வொரு தடவையும் முடிந்தபிறகு பின்பக்கத்தை இளஞ்சூட்டுத் தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். ஈரத்தில் கிடந்தால் தோல் வெந்து புண்ணாகும், எங்கள் பக்கத்து இலையான் (ஈ) அந்தப் புண்ணைச் சும்மா விடாது. வஸ்லீன் மெல்லிதாகப் பூசலாம். குழந்தைகளுக்குப் பூசும் துத்தநாகம் (சிங்க்) சேர்ந்த கிறீம் வேண்டாம், நாய் நக்கினால் நஞ்சாகும்.

பேராதனைக்குப் போகவேண்டி வந்தால்

நாட்டில் மிருக வைத்திய பீடம் பேராதனையில் மட்டும்தான், முள்ளந்தண்டுக்குப் பெரிய பரிசோதனை என்றால் பெரும்பாலும் அங்கேதான் அனுப்புவார்கள். செங்கலடியால் திரும்பி மகாஓயா, மகியங்கனை என்று போவதென்றால் அரை நாள் போய்விடும். ஏறுவதற்கு முன் ஒரு தடவை அமர்த்துங்கள், நடுவில் ஓரிடத்தில் வாகனத்தை நிறுத்தி இன்னொரு தடவை. நாங்கள் மகியங்கனையில் ஒரு மர நிழலில் செய்தோம். பலகையில் படுக்க வைத்து நெஞ்சையும் இடுப்பையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், மலையேறும் வளைவுகளில் உருளும். கொப்பியையும் எடுத்துப் போங்கள், எக்ஸ்ரேயைவிட அதைத்தான் அவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள்.

தானாகப் போகத் தொடங்கும்போது

வாலை ஆட்டுவது, பின்கால் விரலைக் கிள்ளினால் திரும்பிப் பார்ப்பது, இவை முதலில் வரும். பிறகு ஒருநாள் நீங்கள் தூக்கிப் பிடிக்கும்போதே ஒரு தாரை தானாகப் போகும். அன்றைக்கு எல்லாரும் சந்தோஷத்தில் அமர்த்துவதை நிறுத்திவிடுவார்கள், அங்கேதான் திரும்ப வழுக்கும். அடிபட்ட இடத்துக்குக் கீழ் உள்ள நரம்புச்சுற்று மட்டும் விழித்துக்கொண்டாலும் ஒரு தாரை போகும், ஆனால் பை பாதியிலேயே நின்றுவிடும், பாதி உள்ளே இருக்கும். ஆகவே தானாகப் போனதற்கும் பிறகு கையை வைத்து அமர்த்தி, வரும் மிச்சத்தை அளந்து எழுதுங்கள். நலமான நாயின் பையில் போனபிறகு மிஞ்சுவது கிலோவுக்கு அரை மில்லிக்கும் குறைவுதான். செம்பியின் அளவுக்கு அது ஒரு தேக்கரண்டி.

எங்கள் கொப்பியில் முதல் நாள் மிச்சம் 90 மில்லி. ஒரு கிழமையில் 60, பிறகு 40, நடுவில் ஒருநாள் திரும்ப 70, அன்று இரவு நானும் மாமியும் ஒன்றும் பேசவில்லை. எட்டாவது கிழமையில் ஒரு காலமை செம்பி முன்கால் இரண்டாலும் இழுத்துக்கொண்டு கிணற்றடிக்குத் தானே போய், இடுப்பைத் தரையில் வைத்தபடி போனது. நான் பின்னால் இருந்து கையை வைத்தேன். விரல்களுக்கு இடையில் ஒன்றும் அகப்படவில்லை. இரண்டாம் தடவை பிடித்ததில் வந்ததைக் கோப்பையிலிருந்து தேக்கரண்டியில் ஊற்றிப் பார்த்தேன், கரண்டி நிறையவில்லை.